ஒருமையில் அழைத்தல்

ஆங்கிலத்தில் வேதாந்த நூல்களைப் படிக்கும் அன்பர்கள் 'தௌ' என்ற சொல்லை அடிக்கடி சந்தித்திருப்பார்கள். பிரார்த்தனைகளில் அது வருகிறது. 'தத்வமஸி' என்னும் மகாவாக்கியத்தின் ஆங்கில வடிவில் வருகிறது. குருதேவரின் அமுதமொழிகளை சுவாமி நிகிலானந்தர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1942-ஆம் ஆண்டு நியூயார்க்கில் வெளியிட்டார். அந்நூலிலும் பல இடங்களில் வருகிறது. அன்றாடப் பேச்சில் இன்று அச்சொல் இல்லை. ஆகவே அது இறைவனுக்கென்றே ஒதுக்கப்பட்ட கம்பீரமான மரியாதைச் சொல் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

உண்மை இதற்கு நேர்மாறானது. 'தௌ' மரியாதைச் சொல்லே அன்று. அதன் பொருள் 'நீ' என்பதுதான். குழந்தையையும் நண்பனையும் வேலையாளையும் வீட்டு நாயையும் அழைக்கப் பயன்பட்ட சொல் அது. அந்த எளிய சொல் எவ்வாறு இகழ்ச்சிச் சொல்லாகத் தாழ்ந்தது, பின்னர் எவ்வாறு கோயில் சொல்லாக உயர்ந்தது என்ற வரலாறு, இலக்கண ஆசிரியர்களுக்கு மட்டும் உரியதன்று. பிறரை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்ற கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது.

மரியாதை வந்த வழி

ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் முன்னிலைச் சொற்கள் எண்ணிக்கையை மட்டுமே குறித்தன. ஒருவரிடம் பேச ஒரு சொல், இருவரிடம் பேச வேறொரு சொல், பலரிடம் பேச இன்னொரு சொல். ஒருவரைக் குறித்த சொல்லே 'தௌ'. அக்காலத்தில் அதை 'தூ' என்று உச்சரித்தார்கள். அரசனும் 'தூ'தான், அவனுடைய குதிரைக்காரனும் 'தூ'தான். யாரும் அதனால் உயரவும் இல்லை, தாழவும் இல்லை.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரசவையிலும் பிரபுக்களின் இல்லங்களிலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. உயர்ந்தவர் ஒருவரிடம் பேசும்போது பலரிடம் பேசுவதுபோல் பன்மையில் பேசுவது பிரெஞ்சு வழக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் அந்த வழக்கம் ஆங்கிலத்திலும் பரவியது. பலரைக் குறித்து வந்த 'யூ' என்ற சொல், பெரியவர் ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாயிற்று. தமிழில் 'நீர்', 'நீங்கள்' என்பவையும் பன்மைச் சொற்களே என்பதை நினைத்தால் இந்த மாற்றம் நமக்கு எளிதில் விளங்கும்.

பெரியவருக்கு ஒரு சொல் என்று வந்துவிட்டால், எஞ்சிய சொல் சிறியவருக்கு என்று ஆகிவிடுகிறது. 'தௌ' தானாகத் தாழவில்லை. 'யூ' உயர்த்தப்பட்டதால் தாழ்ந்தது. ஷேக்ஸ்பியரின் காலத்தில், அதாவது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், எஜமானன் வேலைக்காரனை 'தௌ' என்றான். வேலைக்காரன் எஜமானனை 'யூ' என்றான். காதலர்களும் நெருங்கிய நண்பர்களும் தங்களுக்குள் 'தௌ' என்றார்கள். சமமான ஒருவரைத் திடீரென்று 'தௌ' என்றால் அது வெளிப்படையான அவமதிப்பு. ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில், சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதப்போகும் ஒருவனுக்கு இன்னொருவன் யோசனை சொல்கிறான்: எதிரியை மூன்று முறை 'தௌ' என்று எழுதினாலும் தவறில்லை என்று.

1603-ஆம் ஆண்டு வின்செஸ்டர் நகரில் சர் வால்ட்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்டு கோக், நாடறிந்த அந்த வீரரை 'தௌ' என்றே அழைத்தார். அதோடு நில்லாமல், உன்னை நான் 'தௌ' என்கிறேன், துரோகியே என்று அச்சொல்லை ஒரு வினைச்சொல்லாகவே ஆக்கி வீசினார். அந்த வினைச்சொல்லுக்கு நேரான தொடர் நம்மிடமும் உண்டு. 'என்னை ஒருமையில் பேசிவிட்டான்' என்று மனம் புண்பட்டவர்கள் சொல்வதை நாம் கேட்டதில்லையா?

ஒரு சொல்லுக்காக அடிபட்டவர்

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற நெசவாளியின் மகன் இங்கிலாந்தின் ஊர்களில் நடந்து சென்று உபதேசம் செய்தார். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இறைவனின் ஒளி இருக்கிறது, அதைக் காண இடைத்தரகர் வேண்டாம் என்பது அவருடைய போதனை. அவரைப் பின்பற்றியவர்கள் தங்களை நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். மற்றவர்கள் அவர்களைக் குவேக்கர்கள் என்றார்கள்.

நம் நாட்டவருக்குப் புதிதல்லாத இந்த உண்மையை அவர்கள் தினசரிப் பேச்சுக்குக் கொண்டுவந்த விதம்தான் வியப்பானது. எல்லோருக்குள்ளும் இருப்பது ஒரே ஒளி என்றால், ஒருவரை ஒரு சொல்லாலும் மற்றவரை வேறு சொல்லாலும் எப்படி அழைப்பது? மேலும், ஒரே மனிதரைப் பலர் என்று சொல்வது பொய். அந்தப் பொய் முகஸ்துதியில் பிறந்தது என்று அவர்கள் கருதினார்கள். ஆகவே பிரபுவானாலும் நீதிபதியானாலும் யாரையும் 'தௌ' என்றே அழைத்தார்கள். யார் முன்னிலையிலும் தொப்பியைக் கழற்றவும் மறுத்தார்கள். 1660-இல் ஃபாக்ஸும் இரு நண்பர்களும், பல மொழிகளிலிருந்து சான்று காட்டி, ஒருமைக்கும் பன்மைக்கும் வேறுபாடு உண்டு என்று நிறுவும் ஒரு நூலையே வெளியிட்டார்கள். அதன் சில பக்கங்கள் குழந்தைகளின் அரிச்சுவடிப் பலகை வடிவில் அச்சிடப்பட்டிருந்தன. கற்றறிந்தவர்களே, பால பாடத்தை மீண்டும் படியுங்கள் என்பது அதன் குறிப்பு.

கவி மில்டனுக்குக் கண்பார்வை போன பிறகு அவருக்கு நூல்களை வாசித்துக் காட்டியவர்களில் ஒருவர் தாமஸ் எல்வுட். ஏறக்குறைய இருபது வயதில் அவர் குவேக்கர் ஆனார். அவருடைய தந்தை ஊரில் மதிப்புள்ள கனவான். மகன் தொப்பியோடு எதிரில் நின்றபோது முஷ்டியால் குத்தினார்; இருந்த தொப்பிகளை எல்லாம் பறித்துக்கொண்டார். தொப்பி இல்லாமல் போன பிறகும் பேச்சு இருந்ததே! மகன் தந்தையை 'தௌ' என்று அழைத்தார். இன்னொரு முறை அச்சொல் காதில் விழுந்தால் பற்களைத் தொண்டைக்குள் தள்ளிவிடுவேன் என்று தந்தை மிரட்டினார். எல்வுட் தம் வாழ்க்கை வரலாற்றில் இதைக் கசப்பின்றி எழுதியிருக்கிறார்.

தந்தையைத் தெய்வமாகப் போற்றும் நமக்கு இந்த நிகழ்ச்சி சங்கடம் தருகிறது. பெற்றவரின் மனத்தை ஒரு சொல்லுக்காக நோகடிக்கலாமா? ஆனால் தந்தையின் பக்கத்திலும் ஒரு கேள்வி எழுகிறது. அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் இறைவனை 'தௌ' என்று அழைத்துத்தான் பிரார்த்தனை நடந்திருக்கும். படைத்தவனுக்குப் போதுமான சொல் படைக்கப்பட்டவனுக்கு ஏன் போதவில்லை? குவேக்கர்கள் உலகத்தை நோக்கிக் கேட்ட கேள்வி இதுவே. அதற்கு யாராலும் நல்ல விடை சொல்ல முடியவில்லை. விடை இல்லாத கேள்விக்குத்தான் சினம் அதிகமாக வருகிறது.

வடிவம் நின்றது, உயிர் போயிற்று

1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொது ஆங்கிலப் பேச்சிலிருந்து 'தௌ' ஏறத்தாழ மறைந்துவிட்டது. சில வட்டார வழக்குகளில் மட்டும் தங்கியது. எல்லோரையும் 'நீ' என்று அழையுங்கள் என்றார்கள் குவேக்கர்கள். ஆங்கிலேயச் சமுதாயமோ எல்லோரையும் 'நீங்கள்' என்று அழைக்கத் தொடங்கியது. இரண்டு வழியிலும் சொல்லளவில் சமத்துவம் வந்துவிட்டது. ஆனால் அதே சமுதாயம் 'யூ' என்று மரியாதையாக அழைத்துக்கொண்டே அடிமை வாணிகமும் நடத்தியது. சொல் சமமாவதால் மட்டும் மனம் சமமாகிவிடுவதில்லை.

குவேக்கர்களுக்கும் ஒரு சோதனை காத்திருந்தது. பின்வந்த தலைமுறைகள் பழைய சொல்லைக் குடும்பத்துக்குள்ளும் தங்கள் கூட்டத்துக்குள்ளும் மட்டும் வழங்கின. வெளியாரிடம் மற்றவர்களைப் போலவே 'யூ' என்று பேசின. எல்லோரும் ஒன்று என்பதற்காக எடுத்த சொல், நாம் வேறு, அவர்கள் வேறு என்பதற்கு அடையாளமாயிற்று. முன்னோர்கள் அடிபட்டுக் காத்த சொல் பிள்ளைகளுக்கு வெறும் வீட்டு வழக்கமாகிவிட்டது.

இதைக் கண்டு நாம் நகைக்க வேண்டியதில்லை. காவியும் திருநீறும் மாலையும் நமஸ்காரமும் நம்மிடமும் இருக்கின்றன. எந்த அனுபவத்திலிருந்து அவை பிறந்தனவோ அந்த அனுபவம் நம்மிடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தலைமுறையும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இறைவனுக்கு ஏன் 'நீ'?

தெருவில் மறைந்த சொல் கோயிலில் மட்டும் நிலைத்தது எப்படி? வில்லியம் டிண்டேல் 1526-இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மூல கிரேக்கத்தில் ஒருமை இருந்த இடத்தில் 'தௌ' என்றும், பன்மை இருந்த இடத்தில் பன்மைச் சொல்லையும் எழுதினார். 1611-இல் மன்னர் ஜேம்ஸின் ஆணையால் வெளிவந்த பைபிளும் அவ்வழியையே பின்பற்றியது. அதில் மனிதன் கடவுளைத் 'தௌ' என்கிறான். கடவுளும் மனிதனைத் 'தௌ' என்கிறார். அரசனும் அடிமையும் சாத்தானும்கூடத் 'தௌ'தான். மரியாதை அங்கே கணக்கில் எடுக்கப்படவே இல்லை.

தெருவில் அச்சொல் ஒலிக்காமல் போன பிறகு, மக்கள் அதைப் பிரார்த்தனையில் மட்டுமே கேட்டார்கள். எங்கே கேட்டார்களோ அந்த இடத்தின் மணம் அதில் ஏறிவிட்டது. 1952-இல் அமெரிக்காவில் வெளிவந்த திருத்தப்பட்ட பைபிள் மொழிபெயர்ப்பு, மனிதர்கள் எல்லோருக்கும் 'யூ' என்று மாற்றி, கடவுளுக்கு மட்டும் 'தௌ' என்று வைத்துக்கொண்டது. அணைத்துக்கொள்ளும் சொல் விலகி நின்று வணங்கும் சொல்லாகிவிட்டது. 1989-இல் வந்த புதிய பதிப்பு அதையும் கைவிட்டது.

யூதத் தத்துவ ஞானி மார்ட்டின் பூபர் 1923-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலின் பெயர் 'நானும் நீயும்' என்பது. எதிரில் இருப்பவரை ஒரு பொருளாக, 'அது'வாகப் பார்ப்பது ஒரு வகை. முழுமனத்தோடு 'நீ' என்று சந்திப்பது மற்றொரு வகை என்று அவர் காட்டினார். 1937-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அந்த 'நீ'யைத் 'தௌ' ஆக்கியது. 1970-இல் அந்நூலை மீண்டும் மொழிபெயர்த்த வால்ட்டர் காஃப்மன் இதை ஏற்கவில்லை. ஜெர்மானியர்கள் அந்தச் சொல்லால் நண்பனையும் குழந்தையையும் அழைக்கிறார்கள், இன்றைய ஆங்கிலேயர் எந்த நண்பனைத் 'தௌ' என்கிறார் என்று கேட்டார். ஆயினும் நூலின் பெயர் மட்டும் மாறவில்லை.

இந்த இழப்பு நமக்கு நேரவில்லை. தமிழில் பக்தன் இறைவனை 'நீ' என்கிறான். அந்த 'நீ' தாயையும் தோழனையும் அழைக்கும் அதே 'நீ' என்பது அவனுக்குத் தெரியும். ஹிந்தியில் 'தூ' உண்டு, வங்கத்தில் 'துய்' உண்டு. இவை அனைத்தும் இன்றும் வீட்டுக்குள் வாழும் சொற்கள்.

எது அன்பு, எது இகழ்ச்சி?

ஒரே 'நீ' ஓரிடத்தில் அணைக்கிறது, வேறோரிடத்தில் அறைகிறது. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? 1960-இல் ரோஜர் பிரௌன், ஆல்பர்ட் கில்மன் என்ற இரு அறிஞர்கள் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைச் சொற்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் சாரம் இது: நான் உன்னை 'நீ' என்றால், நீயும் என்னை 'நீ' என்று அழைக்க முடியுமானால் அது நெருக்கம். நான் 'நீ' என்று சொல்ல, நீ 'நீங்கள்' என்றுதான் பதில் சொல்ல வேண்டும் என்றால் அது அதிகாரம்.

இது நல்ல உரைகல். ஆனால் நம் மரபை இதில் உரைத்துப் பார்த்தால் ஒரு தடை எழுகிறது. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் வேதம் பயின்று கர்வத்தோடு திரும்பி வருகிறான் சுவேதகேது. தந்தை உத்தாலகர் அவனுக்கு ஒன்பது முறை உபதேசிக்கும் மகாவாக்கியத்தில் 'த்வம்', அதாவது 'நீ' என்றே அழைக்கிறார். மகனோ தந்தையைப் 'பகவான்' என்று மிக்க மரியாதையோடு விளிக்கிறான். சொல் ஒரு வழிப் பாதையாகவே செல்கிறது. அப்படியானால் இதுவும் அதிகாரமா?

இல்லை. அந்த 'த்வம்' என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பிரபஞ்சம் முழுவதற்கும் மூலமான அந்த மெய்ப்பொருளே நீ என்கிறது அது. குருவிடம் எது இருக்கிறதோ அதுவே சீடனிடமும் குறைவின்றி இருக்கிறது என்கிறது. சொல்லில் வேறுபாடு இருந்தாலும், சொல்பவரின் பார்வையில் வேறுபாடு இல்லை. ஆகவே உரைகல்லைச் சற்று ஆழமாக வைத்துக்கொள்ள வேண்டும். யாரை நான் 'நீ' என்கிறேனோ, அவருக்குள் நான் 'நான்' என்று சொல்லும் அதே பொருளைக் காண்கிறேனா? கண்டால் அது அன்பின் ஒருமை. காணாவிட்டால் அது அவமதிப்பின் ஒருமை. தமிழ் இதில் நமக்கு உதவுகிறது. இலக்கணத்தில் ஒருவரைக் குறிக்கும் எண்ணுக்கும் 'ஒருமை' என்று பெயர். இரண்டறக் கலந்திருப்பதற்கும் 'ஒருமை' என்றே பெயர்.

மொழி வரலாறு தரும் ஒரு சிறு செய்தியும் இங்கே இனிக்கிறது. வடமொழியின் 'த்வம்', இலத்தீனின் 'தூ', ஹிந்தியின் 'தூ', ஆங்கிலத்தின் 'தௌ' ஆகிய அனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். உத்தாலகர் மகனிடம் சொன்ன சொல்லும் எல்வுட் தந்தையிடம் சொல்லி அடிபட்ட சொல்லும் உடன்பிறந்தவை.

நம் வாசலில்

எல்வுட்டின் வரலாற்றைப் படித்த மறுநாள் காலை, எங்கள் மாடிக்குத் தண்ணீர்க் கேன் சுமந்து வரும் பெரியவர் வந்தார். என்னைவிட மூத்தவர். பல ஆண்டுகளாக அவரை 'வா', 'வை', 'போ' என்றே ஏவி வந்திருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அவர் பெயரும் எனக்குத் தெரியாது. 'கொஞ்சம் உட்காருங்கள்' என்றேன். அவர் திரும்பித் தமக்குப் பின்னால் பார்த்தார், நான் யாரிடம் பேசுகிறேன் என்று.

அந்தப் பார்வையை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை. இருபது வயது அதிகாரியிடம் நம் நாவில் தானாக வரும் 'நீங்கள்', அறுபது வயது உழைப்பாளியிடம் ஏன் வருவதில்லை? வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரை நம் பத்து வயதுப் பிள்ளை பெயர் சொல்லி ஒருமையில் அழைக்கிறது. அதை அது பள்ளியில் கற்கவில்லை, நம்மிடம் கற்றது. தில்லியின் 'தூ'விலும் கொல்கத்தாவின் 'துய்'யிலும் இதே கதை நடக்கிறது. பூஜை அறையில் இறைவனை அன்போடு அழைக்கும் சொல்லும், வாசலில் அவனுடைய வடிவத்தை அலட்சியமாக ஏவும் சொல்லும் ஒன்றாக இருக்கின்றன. இது நம் அன்றாட வாழ்வின் பெரிய முரண்பாடு அல்லவா?

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது என்பதை ஆங்கிலத்தின் வரலாறு காட்டிவிட்டது. ஆனால் சொல்லை மாற்றாமல் மனம் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்வதும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதே. அன்னை ஸ்ரீசாரதாதேவியின் வீட்டில் அம்ஜத் என்ற இஸ்லாமியத் தொழிலாளிக்கு உணவு பரிமாறிய உறவுப் பெண் தீட்டுக்கு அஞ்சித் தூரத்திலிருந்து உணவை எறிந்தாள். அன்னை அதைப் பொறுக்கவில்லை. தாமே அருகில் சென்று பரிமாறினார். அவர் உண்ட இடத்தையும் தாமே சுத்தம் செய்தார். அன்னையின் அன்பு உள்ளத்தில் தங்கிவிடாமல் கைக்கு வந்தது. நம்முடையது நாவுக்காவது வரட்டும்.

குருதேவர் சொல்லும் கன்றுக்குட்டியின் கதை அன்பர்கள் அறிந்ததே. கன்று 'ஹம்பா, ஹம்பா' என்று, அதாவது 'நான், நான்' என்று கத்துகிறது. ஏரில் பூட்டப்படுகிறது, வெட்டப்படுகிறது, அதன் தோல் செருப்பாகிறது. துன்பம் அப்போதும் தீரவில்லை. கடைசியில் அதன் குடல் பஞ்சு கொட்டும் வில்லின் நாணாகிறது. அப்போதுதான் 'துஹு, துஹு' என்று ஒலிக்கிறது; 'நீ, நீ' என்கிறது. விடுதலை அப்போதுதான் கிடைக்கிறது.

அந்தத் 'துஹு'வைத்தான் ஆங்கில நூல் 'தௌ' என்று எழுதுகிறது. இனி அச்சொல்லைக் காணும்போது அதன் கம்பீரத்தில் மயங்கி நிற்க வேண்டாம். 'நான்' என்பது ஓய்ந்த இடத்தில் பிறக்கும் எளிய 'நீ' அது. பூஜை அறையில் அதைச் சொல்லிவிட்டு வாசலுக்கு வருவோம். அங்கே தண்ணீர்க் கேனோடு நிற்பவரிடம் 'நீங்கள்' என்று பணிவோடு பேசுவோம். உள்ளத்தில் அவரையும் இறைவனையும் ஒருமையில் காண்போம்.